எழும்பூர் மணலும் ஆம்பூர்ப் பள்ளியும்

காலை ஏழு மணிக்குள் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் சாலையோரங்களில் பெண்கள் கூடிவிடுகின்றனர். காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர்களை ஏற்றிச் செல்கின்றன. ஊர்வழக்கில் அவை கம்பெனி பஸ்கள். தாய்மார்கள் சென்ற பிறகு பிள்ளைகள் தாங்களே தலைவாரிக்கொண்டு, தம்பி தங்கைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுகின்றனர். அவர்கள் செல்லும் பள்ளி பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளி. வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இருவர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று வரையறுத்திருக்கிறது. இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ சென்றுவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் பொறுப்பாகிவிடும்.

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், இத்தகைய பள்ளி ஒன்றுக்கு வாரம் இருமுறை சென்று கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நான் படித்ததும் பாலாற்றங்கரையில் இருந்த ஓர் ஓராசிரியர் பள்ளியில்தான். எனவே, மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது ஒன்றாம் வகுப்பு உயிரெழுத்து எழுதிக் கொண்டிருப்பது எனக்குப் புதிதன்று. என்னைச் சற்று நிற்க வைத்தது வேறொரு காட்சி. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் எழுவரைச் சுற்றி அமர்த்திக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தாள். நன்றாகவே சொல்லிக் கொடுத்தாள். ஆனால், அந்த நேரத்தில் அவளுடைய வகுப்பில் பின்னக் கணக்கு நடந்து கொண்டிருந்தது.

இந்தக் காட்சிக்கு ஒரு வரலாறு உண்டு. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையிலிருந்து எடுத்துச் சென்று, மதராஸ் முறை என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் பரவச் செய்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் ஆண்ட்ரூ பெல்.

1753-ஆம் ஆண்டு மார்ச் 27-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தார் பெல். தந்தை முடி திருத்துபவர். அக்கால வழக்கப்படி பொய்முடி செய்து விற்பவரும்கூட. அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்ற பெல், 1774-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்றார். அங்கு ஒரு புகையிலைத் தோட்ட முதலாளியின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியரானார். அமெரிக்க விடுதலைப் போர் முற்றிய நிலையில் 1781-இல் தாயகம் திரும்பும் வழியில் கப்பல் உடைந்தது. உயிர் தப்பிக் கரையேறினார். பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். ஆனால், குருமாராக வாழ்ந்து பெரும்பொருள் ஈட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். அக்காலத்தில் பொருள் தேடும் ஸ்காட்லாந்து இளைஞர்கள் எல்லாரும் பார்த்த திசையையே அவரும் பார்த்தார். 1787 ஜூன் மாதம் சென்னையில் வந்து இறங்கினார்.

கல்கத்தா செல்வதே அவருடைய முதல் எண்ணம். சென்னையிலேயே வாய்ப்புகள் கிடைக்கவே தங்கிவிட்டார். ஒரு படைப்பிரிவுக்கு மட்டுமன்றி ஒரே நேரத்தில் பல படைப்பிரிவுகளுக்குச் சமய குருவாக நியமனம் பெற்றார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊதியம். கட்டணம் பெற்றுக்கொண்டு அறிவியல் சொற்பொழிவுகளும் ஆற்றினார். ஏறத்தாழ 128 பவுண்டுடன் வந்து இறங்கியவர், ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது அவருடைய சொத்து 25,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. பொருளியல் படித்தவன் என்பதால் இந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்லின் வாழ்க்கையில் பின்னர் வரும் பலவற்றுக்கும் இக்கணக்கில் விளக்கம் இருக்கிறது.

ஆனால், ஒரு பணிக்கு மட்டும் அவர் ஊதியம் வேண்டாம் என்றார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார் பெல். ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளே அங்கு மிகுதி. தந்தையர் போரில் மாண்டிருப்பார்கள், அல்லது கப்பலேறிப் போயிருப்பார்கள். தாய்மார்களின் செல்வாக்கிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுப்பதே அவர்களைக் கடைத்தேற்றும் வழி என்பது காப்பகத்தை நடத்தியவர்களின் எண்ணம். பெல்லும் அவ்வாறே நம்பினார்; எழுதவும் செய்தார். அந்தத் தாய்மார்களின் சமூகம் தன் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த முறையிலிருந்தே தன் புகழ் பிறக்கப் போகிறது என்பதை அப்போது அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

காப்பகத்தில் தலைமையாசிரியரும் உதவி ஆசிரியர்களும் இருந்தனர். அவர்களைக் கொண்டு பெல் பட்டபாடு கொஞ்சமன்று. ஊதியம் குறைவு. கொஞ்சம் ஆங்கிலமும் கணக்கும் தெரிந்தவனுக்குக் கம்பெனி அலுவலகங்களிலும் வணிகர்களிடமும் கூடுதல் ஊதியத்தில் வேலை காத்திருந்தது. எனவே, பயிற்சி பெற்று ஓரளவு தேறியவுடன் உதவி ஆசிரியர்கள் வேறிடம் போய்விடுவார்கள். இருந்தவர்களோ புதிய முறை எதையும் ஏற்க விரும்பாதவர்கள். நல்ல ஆசிரியர் கிடைக்காததற்குக் காரணம் நல்ல ஊதியம் இல்லாமைதான். இதைப் பெல் அறியாதவர் அல்லர். ஆனால், அவர் கண்ட தீர்வு ஊதியத்தை உயர்த்துவதன்று.

ஒருநாள் காலை குதிரையில் செல்லும்போது, வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே குறிப்பிட்டு வந்தனர். பெல்லும் அதை மலபார்ப் பள்ளி என்றே சொல்கிறார். பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தனர். காகிதம் இல்லை, மை இல்லை, இறகுப் பேனா இல்லை. எழுதியதைக் கையால் துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம். பிழைக்குச் செலவே இல்லாத எழுதுபொருள் அது.

காப்பகத்துக்குத் திரும்பிய பெல், எழுத்து கற்கும் கடைநிலை வகுப்பில் மணலைப் பரப்பச் சொன்னார். அவ்வகுப்பின் உதவி ஆசிரியர் அது நடவாத காரியம் என்று சொல்லிவிட்டார். முடியாது என்றாரா, மனமில்லாமல் இருந்தாரா என்பது வேறு. பெல் அவரை வற்புறுத்தவில்லை. மேல்வகுப்பிலிருந்து ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்தார். சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகன் அவன். கடைநிலை வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். வகுப்பு சரியாக நடக்காவிட்டால் பொறுப்பு தன்னுடையதே என்று முடிவெடுத்துக்கொண்டு நாள்தோறும் கவனித்தார். ஆசிரியரால் ஆகாததைச் சிறுவன் செய்து காட்டினான். பிள்ளைகள் மணலில் எழுத்துகளைக் கற்றனர். மணலிலிருந்து சொற்களுக்கும் சொற்களிலிருந்து வாசிப்புக்கும் சென்றனர்.

அதன்பின் பெல் நிற்கவில்லை. ஒவ்வொரு வகுப்பையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவன் கற்பிப்பவன், மற்றவன் கற்பவன். வகுப்புக்கு ஓர் ஆசிரியன், அவனுக்கு ஓர் உதவியாளன், இருவருமே சிறுவர்கள். வகுப்பு என்பது வயதைப் பொறுத்ததன்று, தேர்ச்சியைப் பொறுத்தது. முந்துபவன் மேலே செல்வான். பின்தங்குபவன் கீழே இறங்குவான். இடம் நாளுக்கு நாள் மாறலாம். குற்றங்கள் ஒரு குறிப்பேட்டில் பதியப்படும். வாரந்தோறும் சிறுவர்களே கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். பிரம்படியைப் பெருமளவு குறைத்தார். இவை அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய மாற்றங்கள். பெல்லின் பிற்காலத்தைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் எழும்பூரில் அவர் செய்தது பொய்யன்று. அவருடைய மாணவர்களில் ஒருவரான வில்லியம் ஸ்மித், 1794-இல் திப்பு சுல்தானின் பணயப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சென்ற தூதுக்குழுவோடு சென்று, திப்புவின் முன்னிலையில் அறிவியல் செய்முறைகளை நிகழ்த்திக் காட்டினார். ஐந்தாண்டுகள் கழித்துத் திப்பு வீழ்ந்தபோது அவருடைய மைந்தர்கள் கொண்டுவரப்பட்ட இடம்தான் நம் வேலூர்க் கோட்டை.

இங்கே ஒரு செய்தியை நின்று பார்க்க வேண்டும். மணலைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்ததாகப் பெல் வெளிப்படையாகவே எழுதினார். ஆனால், பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பிப்பது தன் கண்டுபிடிப்பு என்றே வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். திண்ணைப் பள்ளிகளை அறிந்த எவருக்கும் இது வியப்பாக இருக்கும். சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளி ஏது? உபாத்தியாயர் வருமுன் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்துவது, முறை சொல்லி ஒப்புவிக்க வைப்பது, இளையவர்க்கு எழுத்துப் பழக்குவது எல்லாம் சட்டாம்பிள்ளையின் வேலை. பெல் சென்ற பிறகு, 1823-இல் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை இதற்குச் சான்று. முன்னேறிய மாணவரைக் கொண்டு பின்தங்கியவர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறை பாராட்டத்தக்கது என்றும், இங்கிலாந்தில் அதைப் பின்பற்றுவது பொருத்தமே என்றும் அவர் எழுதினார். மணலுக்கு நன்றி சொன்ன பெல், சட்டாம்பிள்ளைக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

ஆனால், பழம்பெருமை பேச இதை ஆதாரமாக்கிவிடக் கூடாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு 1826-இல் முடிந்தபோது, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது சிறிய செய்தியன்று. ஆயினும், அம்மாணவர்களில் பெண்கள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பெரும்பாலும் திண்ணைக்கு வெளியே நின்றனர். தோலைத் தொட்டு உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மணலில் இடமிருக்கவில்லை. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்யும் வழக்கத்தையும் அதே கேம்ப்பெல் கடிந்திருக்கிறார். திண்ணைப் பள்ளியில் பாராட்ட வேண்டியது அதன் அளவும் நெருக்கமும். இருபது முப்பது பிள்ளைகள். ஒவ்வொருவனும் எந்தச் சுவடியில் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை அறிந்த ஓர் உபாத்தியாயர். சட்டாம்பிள்ளை அவருடைய கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தான்.

உடல்நலம் குன்றிய பெல் 1796-இல் கப்பலேறினார். அடுத்த ஆண்டே, சென்னைக் காப்பகத்தில் நடத்திய கல்விச் சோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798-இல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதிப் பள்ளி ஒன்று அம்முறையை ஏற்றது. பெரிய ஆரவாரம் ஏதுமில்லை. 1801-இல் தென்கடலோர ஊரான ஸ்வானேஜில் திருச்சபைப் பணியேற்று அமைதியாக இருந்தார் பெல். 1800-இல் நடந்த அவருடைய திருமணம் ஆறே ஆண்டுகளில் நீதிமன்றத் தீர்ப்போடு முறிந்தது.

அந்த அமைதியைக் குலைத்தவர் ஜோசப் லங்காஸ்டர். லண்டனின் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கிய இந்த இளைஞர், மூத்த மாணவர்களைக் கொண்டு கற்பிக்கும் முறையை மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். ஒரே ஆசிரியர், ஓராயிரம் மாணவர் என்பது அவருடைய முழக்கம். தொடக்கத்தில் பெல்லின் நூலுக்குக் கடன்பட்டதை ஒப்புக்கொண்டு, ஸ்வானேஜுக்கே சென்று அவரைப் பார்த்துப் பேசியும் வந்தார். ஆனால், லங்காஸ்டர் குவேக்கர் பிரிவினர். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் திருச்சபைக்கு வெளியே இருப்பவர் ஒருவர் கையில் வளர்வதா என்ற அச்சம் திருச்சபையினரைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் பெல்லைத் தேடி வந்து களத்தில் இறக்கினர். யார் முதலில் கண்டுபிடித்தது என்ற சண்டை நாடு முழுவதும் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. இருவருமே முதலில் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல அங்கே ஒரு சட்டாம்பிள்ளை இல்லை.

1811-இல் திருச்சபையின் சார்பில் தேசியச் சங்கம் நிறுவப்பட்டு, மதராஸ் முறையில் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சதேயும் பெல்லைக் கொண்டாடினர். பெல் நேரில் சென்று வந்த பின்னர், வேர்ட்ஸ்வொர்த் தம் கிராமத்துப் பள்ளியில் அம்முறைப்படி கற்பிக்கவே தொடங்கினார். கோல்ரிட்ஜ் அதை நீராவி இயந்திரத்தோடு ஒப்பிட்டார். அது பாராட்டாகச் சொல்லப்பட்ட உவமை. இன்று படிக்கும்போது எச்சரிக்கையாகத் தோன்றுகிறது. பெல் இறக்கும்போது அம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் 12,000-க்கும் மேல் என்பர்.

இவ்வளவு விரைவாகப் பரவியதற்குக் காரணம் கல்வியின் மேன்மையா? கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நெப்போலியப் போர்களில் கருவூலம் வற்றிய நாடு அது. ஆலைநகரங்களில் ஏழைப் பிள்ளைகள் பெருகினர். அவர்களுக்கு ஏதோ ஒரு கல்வி தர வேண்டும். ஆனால் செலவு கூடாது. அந்த நேரத்தில் ஆயிரம் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் ஊதியம் போதும் என்று ஒருவர் சொன்னால், அவரைக் கொண்டாடாத அரசும் சங்கமும் உண்டா? பெல்லே இதற்கு உடன்பட்டார் என்பதுதான் வருத்தம். ஏழைப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மிஞ்சிக் கற்பித்தால் சமூகத்தின் தட்டுகள் குலைந்துவிடும் என்று அஞ்சினார். அவர்கள் வேத நூலை வாசித்தால் போதும். எழுத்தும் கணக்கும்கூடத் தேவையில்லை என்ற அளவுக்கு ஒரு கட்டத்தில் எழுதினார். மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தவர் எழுத்தே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். எழும்பூரில் ஃப்ரிஸ்கனின் வகுப்பை நாள்தோறும் கவனித்தவர், இப்போது கவனிக்க ஆளில்லாத பல்லாயிரம் ஃப்ரிஸ்கன்களை உருவாக்கிக் கொண்டிருந்தார்.

1816-இல் ஐரோப்பியப் பயணத்தின்போது சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோஸியைப் பார்த்தார். குழந்தையின் மனம் எவ்வாறு கற்கிறது என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் பெஸ்டலோஸி. இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் என் முறை இருக்கும், இவரை எவரும் நினைக்க மாட்டார்கள் என்று பெல் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இன்று யார் பெயரைப் படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பிற்காலத்தில் பதவிகளும் வருவாயும் பெருகின. 1809-இல் டர்ஹம் அருகே ஷெர்பர்ன் அறநிலையத்தின் தலைமை. 1819-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஒரு பதவி. பணத்தைச் செலவிடும் வழக்கம் அவருக்கு இல்லை. 1832 ஜனவரி 27-இல் செல்டன்ஹாம் நகரில் இறந்தபோது அவர் கல்விக்காக எழுதி வைத்திருந்த தொகை 1,20,000 பவுண்டு. அதில் பெரும்பகுதி பிறந்த ஊருக்குச் சென்றது. செயின்ட் ஆண்ட்ரூஸில் மதராஸ் கல்லூரி எழுந்தது. நம்முடைய மதராஸ் சென்னையாகிவிட்டது. அங்கே அந்தப் பள்ளி இன்றும் மதராஸ்தான். 1876-இல் அவருடைய அறக்கட்டளைப் பணத்தில் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கல்வியியலுக்குப் பேராசிரியர் பதவிகள் உருவாயின. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் அத்துறைக்கு அவையே முதற்பதவிகள். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர், சென்னையில் சேர்க்கத் தொடங்கிய பொருளைக் கடைசியில் கல்விக்கே விட்டுச் சென்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய முறையோ அவருக்குப் பின் நெடுநாள் நிற்கவில்லை. பத்து வயதுச் சிறுவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க முடியும். அதற்குமேல் ஒரு கேள்வி எழுந்தால் அவன் என்ன செய்வான்? ஒப்புவித்தல் பெருகியது, புரிதல் குறைந்தது. 1846-இல் இங்கிலாந்து, சற்று வயது வந்த மாணவர்களைத் தேர்ந்து, உதவித்தொகை தந்து, ஆசிரியரின் கீழ் ஐந்தாண்டு பயிற்றுவிக்கும் ஏற்பாட்டுக்கு மாறியது. கற்பிக்கும் மாணவனின் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று அப்போது அரசு ஒப்புக்கொண்டது. நான் கல்லூரியில் பொது நிதியியல் நடத்தியபோது மாணவர்களிடம் ஒன்றைச் சொல்வதுண்டு: எந்தச் சிக்கனத்திலும் எங்கோ ஒருவர் செலவு செய்துகொண்டிருக்கிறார், அவர் பெயர் வரவு செலவுத் திட்டத்தில் இருக்காது. மதராஸ் முறையில் அந்த ஒருவர் ஃப்ரிஸ்கன்.

பெல் சென்று இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, இதே வேலூர் மண்ணில் அந்த முறையின் நல்ல பாதி வேறோர் உருவில் திரும்பி வந்தது. 1990-களில் தோல் பதனிடுதல், பீடி சுற்றுதல், தீப்பெட்டி ஆகிய தொழில்களிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர் சிறுமியருக்காக ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பன்னிரண்டு வயதில் எழுத்தறியாதவனும் எட்டு வயதில் கூட்டல் தெரிந்தவளும் ஒரே அறையில் இருந்தனர். வயதுப்படி வகுப்புப் பிரிப்பது அங்கே பொருளற்றது. அண்டை ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டிருந்த ஏணிப்படி முறையும் பாட அட்டைகளும் அப்போது கைகொடுத்தன. அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் மாநிலம் முழுவதும் பரவியது. ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகத் தரையில் அமர்ந்தனர். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்றது. ஆசிரியரும் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகள் தேர்ச்சியைக் கொண்டே அமைந்தன, வகுப்பைக் கொண்டன்று.

இம்முறைகளில் குறைகள் இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தால் புதியவை வருவதில்லை. பதிவேடுகள் எழுதுவதிலேயே ஆசிரியரின் நேரம் கழிகிறது. ஆயினும், பெல் தவறவிட்ட ஒன்று இவற்றில் உண்டு. கற்பிக்கும் பொருள் அட்டையில் இருக்கிறது, கவனிக்கும் கண் ஆசிரியரிடம் இருக்கிறது. மூத்த பிள்ளை உதவலாம், உதவாமலும் இருக்கலாம். பல வகுப்புகளை ஒன்றாக நடத்துவது ஏழைப் பள்ளியின் குறைபாடு என்ற எண்ணம் நம் கல்வி அலுவலர்கள் பலரிடமும், பெற்றோர் பலரிடமும் இருக்கிறது. அது தவறு என்பதே என் கருத்து. ஆனால், அதைச் செலவு மிச்சம் பிடிக்கும் வழியாகக் கருதும்போது மட்டும் அந்த எண்ணம் உண்மையாகிவிடுகிறது. ஐந்து வகுப்பை இருவர் நடத்த முடியும் என்பதற்காக, ஒருவரை அயற்பணிக்கு அனுப்பிவிட்டு மற்றவரே நடத்தட்டும் என்று விட்டால், அந்த இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதை எழும்பூர் நமக்குக் காட்டியிருக்கிறது.

முதலில் குறிப்பிட்ட அந்தச் சிறுமியிடம் திரும்புகிறேன். தலைமையாசிரியையிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அன்று அவருடைய உடன் ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார். வேறு வழியில்லை என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். எந்தப் பிள்ளை எந்த நாளில் எத்தனை நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று குறித்து வைத்திருந்தார். துறை கேட்ட பதிவேடு அன்று; அவரே கோடிட்டுக்கொண்டது. இருபது நிமிடத்துக்குமேல் போனால், அந்தப் பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை மதிய உணவுக்குப் பிறகு தனியாக நடத்திவிடுவாராம். அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே அன்றைய தேதியில் ஐம்பது நிமிடம் என்றிருந்தது.

மதியம் மணலில்லாத சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதை எட்டாகப் பிரித்து, எட்டில் மூன்று எது என்று அவளிடம் கேட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுவரும் சுற்றி நின்று பார்த்துக் கொண்டிருந்தனர். அவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவள் சுண்ணக்கட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.